சின்ன ரூமுக்கு ஒரு கலர்

பாகூர்
13.10.2025

சுரையா அண்ணிக்கு ஹபீப் முகமது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்களுக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ரெண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அண்ணன் போனதற்கான நாலு மாசம் பத்து நாள் இத்தாவில் நீங்கள் இருக்கிறீர்கள். அது முடிகிற வரைக்கும் உங்கள் முகத்தில் நான் முழிக்கக்கூடாது, என் குரல்கூட உங்கள் காதில் விழ வேண்டாம் என்று அம்மா சொல்லி, அண்ணன் மவுத்தான அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாகூர் கடைக்கு வந்துவிட்டேன். கடைக்குப் பின்னால் சிமெண்ட் மூட்டைக்கும் பிவிசி பைப்புக்கும் நடுவில் படுக்கை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

விஷயம் என்னவென்றால், நம் வில்லியனூர் வீட்டுச் சின்ன ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கலாம் என்றிருக்கிறேன். இத்துடன் ஷேடு கார்டு வைத்திருக்கிறேன். உங்களுக்கு எந்தக் கலர் பிடிக்கிறதோ அதில் பேனாவால் ஒரு டிக் அடித்துத் திருப்பி அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் கலர் பார்த்து டின்னை வாங்கிப் போய், சுவரில் அடித்த பிறகு என் கடை வாசலில் வந்து சண்டை போட்டவர்கள் நிறையப் பேர். போனில் சந்தனமாகத் தெரிவது சுவரில் எலுமிச்சையாக வந்து நிற்கும். அதோடு கடை போன் எப்போதும் கல்லா மேலேதான் கிடக்கிறது. வருகிறவன் போகிறவன் எல்லாம் எட்டிப் பார்ப்பான்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வெள்ளை வேண்டாம். வெள்ளை இத்தனை நாள் இருந்தது போதும். இனி கொஞ்சம் கலராக இருக்கட்டும்.

அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். பேசி முடித்தாகிவிட்டது. உங்கள் இத்தா முடிந்த அடுத்த வாரமே வைத்துக்கொள்ளலாம். உங்கள் பதிலுக்குத்தான் காத்திருக்கிறேன்.

குட்டிப் பொண்ணு ரிஃபாத்துக்கு என் சலாம் சொல்லுங்கள். அரையாண்டுப் பரீட்சைக்கு ஒழுங்காகப் படிக்கச் சொல்லுங்கள்.

ஹபீப் முகமது


வில்லியனூர்
18.10.2025

ஹபீப் தம்பிக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. தபால் கொண்டுவரும் செல்வகுமாரி, "இன்னாக்கா, இந்தக் காலத்துல கையால லெட்டர் எழுதுறாங்க" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் போனதும் மாமி வந்து, "இன்னா எழுதியிருக்கான் எம் மவன்?" என்று கேட்டார். கேட்டவருக்கு என் பதில் வேண்டியிருக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அதை நான் முதலில் கவனித்தேன்.

நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து பதினோரு வருஷம். சமையலறைக்குக் கத்தரிக்காய் ஊதா அடித்தபோது என்னை யாரும் கேட்கவில்லை. கடையில் விற்காமல் தங்கிப்போன டின் அது. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு அரைப்பதும் தாளிப்பதும் நான்தான், ஆனாலும் யாரும் கேட்கவில்லை. ஹாலுக்கு அடித்தபோதும் கேட்கவில்லை. இப்போது சின்ன ரூமுக்கு மட்டும் எனக்கு என்ன பிடிக்கும் என்று தபாலில் கேட்கிறீர்கள்.

அது உங்கள் ரூம் தம்பி. உங்கள் சட்டை இன்னும் அங்கே ஆணியில் தொங்குகிறது. ஒரு கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். நான் அதற்குள் போவதே பெருக்குவதற்கு மட்டும்தான். உங்கள் ரூமுக்கு நான் எதற்குக் கலர் சொல்ல வேண்டும்?

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். இது ஐப்பசி. வெளியே மழை விடாமல் ஊற்றுகிறது, கொடியில் போட்ட துணி மூன்று நாளாக ஈரம். மழைக்காலத்தில் சுவர் காயாது என்று பெயிண்ட் கடைக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? தை பிறக்கும் வரைக்கும் பொறுக்க முடியாத அவசரம் அப்படி என்ன?

மாமியும் முன்னைப்போல் இல்லை. இத்தனை வருஷமாக எனக்கு மீனில் வால் துண்டுதான். இந்த மாதம் நடுத்துண்டாகப் பார்த்து வைக்கிறார். நேற்று என் தலையில் எண்ணெய் வைத்துவிட வந்தார். "எல்லாம் ஒரே வூட்டுக்குள்ளயே சரியாய்ட்டா நல்லதுதானடி" என்றார். எது சரியாக வேண்டும் என்று கேட்டேன். தஸ்பீஹ் மணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஷேடு கார்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். டிக் எதுவும் அடிக்கவில்லை. அந்த ரூம் யாருக்கு என்று ஒரே ஒரு வரியில் எழுதுங்கள்.

சுரையா


பாகூர்
23.10.2025

அண்ணிக்கு,

ஒரு வரியில் எழுதச் சொல்கிறீர்கள். ஒரு வரியில் எழுதக்கூடிய விஷயமாக இருந்தால் முதல் கடிதத்திலேயே எழுதியிருப்பேன்.

ஒரு நல்ல எண்ணத்தில் கேட்டதற்கு இத்தனை கேள்வியா? கத்தரிக்காய் ஊதாவுக்கு நான் எப்படி அண்ணி பொறுப்பு? அது அண்ணன் எடுத்து வந்த டின். மழையைப் பற்றிச் சொன்னீர்கள். இந்தக் காலத்தில் மழையிலும் காய்கிற ப்ரைமர் எல்லாம் வந்துவிட்டது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இவ்வளவுதான் என்னால் இப்போது சொல்ல முடியும். நீங்கள் கடைசிவரைக்கும் நம் வீட்டிலேயே இருக்க வேண்டும். அண்ணன் போனதும் அண்ணியை அனுப்பிவிட்டான் என்று ஊரில் ஒருத்தர் பேசிவிடக் கூடாது. அதற்கான ஏற்பாடுதான் இது. நீங்கள் இத்தாவில் இருக்கும்போது இதற்குமேல் நான் பேசினால் முறையாக இருக்காது. முடியட்டும், எல்லாவற்றையும் அம்மாவே உட்கார வைத்துச் சொல்வார்.

நீங்கள் என்னைக் கேள்வி கேட்டதால் நானும் ஒன்று கேட்கிறேன். போன வாரம் நெட்டப்பாக்கத்திலிருந்து உங்கள் தங்கை அஃப்சானா வந்திருந்தாளாம். வந்தவள் உங்களைப் பார்த்தோம், பேசினோம் என்று இல்லாமல், செல்போனை எடுத்து மோட்டார், மாடிப்படி, நீங்கள் இருக்கிற பெரிய ரூம், அதன் ஜன்னல் என்று ஒவ்வொன்றாகப் படம் பிடித்தாளாம். அம்மா கண்ணால் பார்த்திருக்கிறார். அஃப்சானாவின் மாப்பிள்ளை மனை புரோக்கர் என்பது எனக்கும் தெரியும். நெட்டப்பாக்கத்தில் கரும்புக் கொல்லையை எல்லாம் பிளாட் போட்டு விற்கிற மனுஷன் அவர். வீட்டைப் பாகம் பிரிக்கிற எண்ணம் இருந்தால் தயவுசெய்து முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். எனக்கும் சந்தேகப்படத் தெரியும்.

வேறொரு ஷேடு கார்டு வைத்திருக்கிறேன். இதில் நானே ரெண்டு கலரை வட்டம் போட்டிருக்கிறேன், பிஸ்தா ஒன்று, ரோஸ் ஒன்று. என்னைக் கேட்டால் ரோஸ் உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும்.

ஹபீப் முகமது


வில்லியனூர்
28.10.2025

ஹபீப் முகமதுக்கு,

தம்பி என்று எழுதக் கை வரவில்லை.

உங்கள் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். வெள்ளை இத்தனை நாள் இருந்தது போதும், இனி கலராக இருக்கட்டும். நான் உடுத்தியிருப்பது வெள்ளை. அம்மாவிடம் பேசி முடித்தாகிவிட்டது. என்ன பேச்சை எங்கள் பக்கத்தில் பேசி முடிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இத்தா முடிந்த அடுத்த வாரமே வைத்துக்கொள்ளலாம். கடைசிவரைக்கும் நம் வீட்டிலேயே இருக்க வேண்டும். ரோஸ் உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும்.

இத்தாவில் இருக்கிறவளிடம் நிக்காஹ் பேச்சை நேராக எடுக்கக்கூடாது, ஜாடையாகச் சொன்னால் குற்றமில்லை என்று நானும் மார்க்கப் பயானில் கேட்டிருக்கிறேன். அந்த ஜாடையை ஷேடு கார்டில் வைத்து அனுப்புகிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

மாமி மீனில் நடுத்துண்டு வைத்ததும், தலைக்கு எண்ணெய் வைத்ததும், ஒரே வூட்டுக்குள்ளயே சரியாகிவிடும் என்றதும் எதற்கு என்று இப்போது விளங்கிவிட்டது. வீடும் பிரியாது, கடையும் பிரியாது, பெயிண்ட் அடிக்கிற செலவோடு எல்லாம் முடிந்துவிடும்.

கேட்டுக்கொள்ளுங்கள். நான் வந்த வருஷம் நீங்கள் கல்லூரியில் அரியர் வைத்துவிட்டு உங்கள் அண்ணனுக்குப் பயந்து என் பின்னால் ஒளிந்துகொண்ட பையன். உங்களுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது உப்பில்லாத கஞ்சி வைத்து வாயில் ஊற்றியிருக்கிறேன். உங்களை நான் வேறு மாதிரி நினைக்க முடியாது. இந்த வீட்டில் இருப்பதற்கு விலை இதுதான் என்றால், இத்தாவிலிருந்து வெளியே வந்த அன்றைக்கே ரிஃபாத்தைக் கூட்டிக்கொண்டு நெட்டப்பாக்கத்துக்குப் போய்விடுவேன். அங்கே என் தங்கை வீட்டில் ஒண்டிக்கொண்டு கிடப்பேன்.

அஃப்சானா படம் எடுத்தாள். நான்தான் எடுக்கச் சொன்னேன். விற்பதற்கு இல்லை. உங்கள் அண்ணன் போன பிறகு இந்த வீட்டில் எது எப்போது இடம் மாறும் என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு எது எங்கே இருக்கிறது என்று என்னிடம் ஒரு சாட்சி இருக்கட்டும் என்று எடுக்கச் சொன்னேன். இப்போது பார்த்தால் சரியாகத்தான் செய்திருக்கிறேன்.

உங்கள் ரோஸ் கார்டைக் கிழித்துவிட்டேன்.

சுரையா


பாகூர்
3.11.2025

அண்ணிக்கு,

அஸ்தக்ஃபிருல்லாஹ். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே ஸ்பிரேயர் வாங்க வந்த ஆள், "இன்னா பாய், ஒடம்பு சரியில்லயா?" என்று குனிந்து கேட்டுவிட்டுப் போனார்.

நான் பேசி முடித்தது பெயிண்டர் புகழ்வேந்தனை. அவர் ஒரு வேலையில் இறங்கிவிட்டால் பொங்கல் வரை ஆள் கிடைக்காது என்று முன்கூட்டியே பேசி வைத்தேன். வைத்துக்கொள்ளலாம் என்றது வேலையை. வெள்ளை வேண்டாம் என்றது ஓதத்துக்காக. அந்தச் சுவருக்குப் பின்னால்தான் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, வெள்ளை அடித்தால் அடுத்த மழையிலேயே மஞ்சளாகக் கறை பூத்துவிடும். ரோஸ் பொருத்தம் என்றது பெண்கள் இருக்கப்போகிற ரூம் என்பதால். என் வாயில் வந்தது வேறு, உங்கள் காதில் விழுந்தது வேறு. நீங்கள் எனக்குத் தாய் மாதிரி. இதற்குமேல் அதைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது.

இனி மறைத்தால் இன்னும் என்னவெல்லாம் நினைப்பீர்களோ என்று பயமாக இருக்கிறது. அதனால் சொல்லிவிடுகிறேன். எனக்கு நிக்காஹ் முடிவாகியிருக்கிறது. பெண் திருவாண்டார்கோயில். பெயர் ஃபர்ஹீன். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலைக்குப் போகிறாள். செப்டம்பரில் அம்மா வழிச் சொந்தம் மூலமாக வந்த இடம். டிசம்பரில் தேதி. அண்ணன் போய் வருஷம் திரும்புவதற்குள் எப்படிச் சொல்வது, அதுவும் நீங்கள் வெள்ளையில் இருக்கும்போது எப்படிச் சொல்வது என்றுதான் சொல்லவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு எங்களுக்குப் பெரிய ரூம், உங்களுக்கும் ரிஃபாத்துக்கும் சின்ன ரூம் என்று அம்மா சொன்னார். "பெரிய ரூம்லதான் பாத்ரூம் இருக்குது. புதுசா வர்ற பொண்ணு ஹால்ல எல்லார் முன்னாடியும் நடந்து போனா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. நீங்கள் ரெண்டே பேர். கட்டிலை எடுத்துவிட்டுப் பாய் விரித்தால் இடம் தாராளமாக இருக்கும்.

இதை உங்கள் மேல் திணித்த மாதிரி இருக்கக்கூடாது, கலராவது உங்கள் இஷ்டத்துக்கு இருக்கட்டும் என்றுதான் ஷேடு கார்டு அனுப்பினேன். அல்லாஹ் சாட்சியாக வேறு எண்ணம் இல்லை.

ஹபீப் முகமது


வில்லியனூர்
8.11.2025

ஹபீப் தம்பிக்கு,

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். உங்களைப் பற்றி அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். படித்து முடித்ததும் தலையணையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். மாமி எட்டிப் பார்த்துவிட்டு அழுகிறேன் என்று நினைத்துப் போய்விட்டார். அவர் போன பிறகு அழுகையும்தான் வந்தது.

ஆனால் நான் சந்தேகப்பட்டது தப்பில்லை. என்னைக் கட்டிக்கொள்ளப் பார்க்கிறீர்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். நீங்களோ என்னைக் காலி பண்ணப் பார்த்திருக்கிறீர்கள்.

கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். மனசார துஆ செய்கிறேன். என் வெள்ளையைப் பார்த்து நீங்கள் நல்ல செய்தியை மறைக்க வேண்டியதில்லை.

பெரிய ரூமை நான் விடமாட்டேன்.

காரணத்தை நான் இதுவரை என் தங்கையைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. மாமிக்கும் தெரியாது. அவளுடைய அத்தா போனதிலிருந்து ரிஃபாத் படுக்கையை நனைக்கிறாள். எட்டு வயசுப் பெண். அது தனக்கு நடக்கிறதே என்று அவளே கூனிக் குறுகிப் போகிறாள். எல்லாரும் எழுந்திருக்கும் முன்பே அவளை எழுப்பி, பக்கத்திலேயே இருக்கிற பாத்ரூமில் குளிக்க வைத்து, பாவாடையையும் விரிப்பையும் அங்கேயே அலசி, அதன் ஜன்னல் கம்பியிலேயே காயப்போடுகிறேன். வெளியே ஒருத்தருக்கும் தெரியாது. அந்தக் கதவு பூட்டியிருக்கிற வரைக்கும்தான் அவள் தலை நிமிர்ந்து பள்ளிக்கூடம் போகிறாள். டாக்டரிடம் அஃப்சானா கேட்டு வந்தாள். பயப்படாதீர்கள், திட்டாதீர்கள், நிதானமாக நின்றுவிடும் என்றாராம்.

புதுப்பெண் ஹாலில் நடந்து போனால் நன்றாக இருக்காது என்கிறீர்கள். என் மகள் நனைந்த பாவாடையோடு அதே ஹாலில், புதுச் சித்தி முன்னால், உங்கள் முன்னால் நடந்து போனால் நன்றாக இருக்குமா?

நாங்கள் ரெண்டே பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் ரெண்டே பேர்தான்.

எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. இவ்வளவு நடந்த பிறகு சந்தேகம் வராமல் எப்படி இருக்கும்? தன்னை எந்த ரூமில் வைக்கப் போகிறீர்கள், அதற்காக யாரைக் கிளப்புகிறீர்கள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா? தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். உங்களுக்கு மறைத்துப் பழக்கம். அவளிடம் நீங்களே சொல்லுங்கள். மாமியைக்கொண்டு சொல்ல வைக்காதீர்கள். ரிஃபாத் விஷயத்தை மட்டும் சொல்லாதீர்கள். அது என் மகளுடைய மானம்.

சின்ன ரூமுக்கு அவளுக்குப் பிடித்த கலரைக் கேட்டு அடித்துக்கொள்ளுங்கள்.

சுரையா


பாகூர்
15.11.2025

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. ரிஃபாத்தைப் பற்றி எழுதியதை ரெண்டு தடவை படித்தேன். ஆனாலும் பெரிய ரூமை விடமாட்டேன் என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி என்னைச் சுட்டது. இது என் வீடும்தானே என்று நினைத்தேன். ரிஃபாத் விஷயம்கூட ஒரு சாக்கோ என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். அப்படி நினைத்ததற்கு என்னை மன்னித்துவிடுங்கள்.

நீங்கள் சொன்னபடி ஃபர்ஹீனிடம் சொன்னேன். உள்ளதைச் சொல்வதென்றால், அவள் என் பக்கம் பேசுவாள், அதை அப்படியே உங்களுக்கு எழுதி அனுப்பலாம் என்று எண்ணித்தான் போன் செய்தேன். அவளுடைய அத்தாவிடம் கேட்டுக்கொண்டுதான் பேசினேன். ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். பின்னால் ஒரே இரைச்சல். உனக்காகப் பெரிய ரூம் ரெடியாகிறது, அண்ணியும் குழந்தையும் சின்ன ரூமுக்கு மாறுகிறார்கள் என்றேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"அவங்களா மாறுறன்னு சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

இல்லை, நாங்கள் சொன்னது என்றேன்.

"அவங்க ஒத்துக்கினாங்களா?"

எல்லாம் அம்மா பார்த்துக்கொள்வார் என்றேன். அதிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. ரிஃபாத் விஷயத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூட வாய் திறக்கவில்லை.

"ஒண்ணு கேக்குறன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். "நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆய்ட்டா, அந்த வூட்ல எனக்கு எந்த ரூமு?"

கல்யாணத்துக்கு முன்னால் பேசுகிற பேச்சா இது என்று எனக்குச் சுருக்கென்றது. சிரித்து மழுப்பப் பார்த்தேன். "அதெல்லாம் இப்ப எதுக்கு? எங்க அண்ணிய நாங்க எப்டி வெச்சிருக்கமோ அப்டித்தான் உன்னையும் வெச்சிப்பம்" என்றேன். அந்த வார்த்தை வாயைவிட்டுப் போன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

"அதத்தான் கேக்குறன்" என்றாள். "உங்க அண்ணிக்கு எந்த ரூமு?"

பஸ் திருவாண்டார்கோயில் நிறுத்தத்தில் நின்று, டிரைவர் சத்தம் போடுவது கேட்டது. அவள் இறங்காமல் போனைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

பெரிய ரூம் என்று சொன்னேன். பிறகுதான் இறங்கினாள்.

ஹபீப் முகமது